குளுவாங்கில் கூலி வாங்காத வேலைக்காரர்கள்

நம் நாட்டில் மரங்களின் பெயரையும் பிராணிகளின் பெயரையும் தாங்கி நிற்கும் ஊர்கள் பல உண்டு. மலாக்கா என்பது நெல்லி மரத்தின் பெயர். ஈப்போ என்பது, அம்பு முனையில் தடவும் நஞ்சைத் தரும் ஒரு காட்டு மரத்தின் பெயர். ஜொகூர் மாநிலத்தின் நடுவில், லம்பாக் மலையடிவாரத்தில் இருக்கும் குளுவாங்குக்குப் பெயர் கொடுத்ததோ ஒரு வௌவால். மலாய் மொழியில் ‘கெலுவாங்’ என்றால் பழந்தின்னும் பெரிய வௌவால். இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை நீளும். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் அவை கூட்டம் கூட்டமாகத் தொங்கினவாம். அதுவே ஊருக்குப் பெயராகி நிலைத்துவிட்டது.

சென்ற பள்ளி விடுமுறையில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக நான் அங்கே போய் மூன்று நாள் தங்கினேன். மூன்று நாளும் அண்ணாந்து பார்த்தும் கெலுவாங் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆனால் வௌவால், வண்டு, தேனீ என்னும் மூன்று கூட்டத்தார் அந்த ஊரையும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் எப்படிச் சுமந்து நிற்கிறார்கள் என்பதைக் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டு வந்தேன். உங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் பூசணிக் கொடிக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு. ஆகவே என்னோடு கொஞ்ச தூரம் வாருங்கள்.

போகும் வழி

வடக்கேயிருந்து நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் ஆயர் ஈத்தாமில் இறங்கி, மண்பாண்டக் கடைகளைக் கடந்து, கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போனால் குளுவாங் வந்துவிடும். ஜொகூர் பாருவிலிருந்து வந்தால் சுமார் 100 கிலோமீட்டர். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் சாலையின் இரு மருங்கிலும் செம்பனைதான். மரத்துக்குப் பின் மரம், வரிசைக்குப் பின் வரிசை. பேருந்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தால் தூக்கம் வந்துவிடும். விழித்துப் பார்த்தால் அதே வரிசை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

1909இல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில் பாதை போட்டு முடித்த பிறகே இந்தக் காட்டுப் பகுதி வேகமாகத் தோட்டங்களாக மாறியது. முதலில் ரப்பர், பிறகு செம்பனை. காட்டை அழித்துக் கன்று நட்ட கைகளில் நம் முன்னோர்களின் கைகளும் உண்டு. மெங்கிபோல் ஆறு நகரை ஊடறுத்துக்கொண்டு அமைதியாக ஓடுகிறது. பெரிய ஆரவாரம் இல்லாத, நடந்தே சுற்றிவிடக்கூடிய ஊர். வந்தவர்களை முதலில் இழுப்பது கோப்பி வாசனைதான்.

ஒரு கோப்பை கோப்பிக்குள்

குளுவாங் இரயில் நிலையம் என்றால் பலருக்கு இரயில் நினைவுக்கு வருவதில்லை. 1938 முதல் அந்த நிலையத்தோடு சேர்த்துப் பேசப்படும் கோப்பிக்கடையும், கரியடுப்பில் வாட்டிக் காயாவும் வெண்ணெயும் தடவிய ரொட்டியும்தான் நினைவுக்கு வரும். நீங்கள் போனால் ஒரு கோப்பை குடியுங்கள். குடிக்கும்போது இதையும் எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டில் பயிராகும் கோப்பியில் பெரும்பகுதி லைபீரிக்கா என்னும் வகை. அகன்ற இலை, பருத்த பழம். தாழ்நிலத்து வெப்பத்தைத் தாங்கி வளரும். ஜொகூர் அதற்குப் பேர்போன மாநிலம். இந்த லைபீரிக்காவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன் பூவின் மகரந்தத்தைக் கொண்டு அது காய்ப்பதில்லை. வேறொரு மரத்தின் மகரந்தம் வந்து சூல்முடியில் விழுந்தால்தான் பிஞ்சு நிற்கும். ஒரே கோத்திரத்தில் சம்பந்தம் வைத்துக்கொள்ளாத குடும்பத்தைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் தரகர் வேண்டுமல்லவா? காற்று கொஞ்சம் உதவும். மீதி வேலையைப் பூச்சிகள், முக்கியமாகத் தேனீக்கள் பார்த்துக்கொள்கின்றன. நல்ல மழை பெய்து ஒரு வாரம் பத்து நாளில் கோப்பிக் கிளைகள் வெள்ளை வெளேரென்று பூத்து மணக்கும். அந்தப் பூ ஓரிரு நாளில் வாடிவிடும். அந்தச் சிறு பொழுதுக்குள் தேனீ வந்து போயிருக்க வேண்டும். வராவிட்டால் பூ பூத்ததோடு சரி.

வௌவாலும் டுரியானும்

ஊருக்குப் பெயர் கொடுத்தவரை மறந்துவிடக் கூடாது. டுரியான் பூ மாலையில் விரிந்து இரவில் தேன் சுரக்கும். விடிவதற்குள் அதன் மகரந்தத் தாள்கள் உதிர்ந்துவிடும். பகலில் உழைக்கும் பூச்சிகளில் பலவற்றுக்கு இங்கே வேலை இல்லை. இருட்டில் பறக்கும் வௌவால்கள்தாம் இந்தப் பூவின் முக்கியமான விருந்தாளிகள். தேனைக் குடிக்க முகத்தைப் பூவுக்குள் நுழைக்கும்போது மகரந்தம் அவற்றின் மயிரில் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகிறது. நாம் காவடி எடுத்துப் போகும் பத்துமலைக் குகைகளிலும் தேனுண்ணும் சிறு வௌவால்கள் குடியிருக்கின்றன என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

பெரிய வௌவாலைப் பற்றி மட்டும் ஒரு கெட்ட பெயர் இருந்தது. அது டுரியான் பூவைத் தின்று அழிக்கிறது என்று நம்பியவர்கள் அதைச் சுட்டார்கள். ஆனால் தியோமான் தீவில் மரங்களின் மேல் தானியங்கிப் படக் கருவிகளைப் பொருத்திக் கவனித்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. அந்தத் தீவில் வாழும் பெரிய வௌவால் பூவைக் கெடுக்காமல் தேனை மட்டும் நக்கிவிட்டுப் போகிறது, அதனால் காயும் பிடிக்கிறது என்பதை அந்தப் படங்கள் காட்டின. குற்றவாளி என்று நினைத்தவர் கூலியில்லாத வேலைக்காரராக இருந்தார்.

1981இல் வந்த வண்டு

இனி செம்பனைக்கு வருவோம். குளுவாங் வட்டாரம் நம் நாட்டு வரலாற்றில் இடம்பெற வேண்டிய காரணம் இங்கேதான் இருக்கிறது.

செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1917இல் சிலாங்கூரில் டென்னமாரம் தோட்டத்தில்தான் அது நம் நாட்டில் முதன்முதலாக வாணிகப் பயிராக நடப்பட்டது. இந்த மரத்தில் ஆண்பூக் குலையும் பெண்பூக் குலையும் தனித்தனியே, வெவ்வேறு காலத்தில் வரும். எனவே ஒரு மரத்து மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போயாக வேண்டும். காற்றே இதைச் செய்துவிடுகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் இங்கே, முக்கியமாக இளம் மரங்களில், காய் சரியாகப் பிடிக்கவில்லை. குலையில் பாதி சோடையாக நின்றது. மரத்தைக் கொண்டு வந்தவர்கள், அதன் சொந்த மண்ணில் அதனோடு குடித்தனம் நடத்திய பூச்சியைக் கொண்டு வரவில்லை.

அதனால் அந்த வேலையை மனிதர்கள் செய்தார்கள். ஆண்பூவின் தூளைச் சேகரித்துக் காய வைத்து, முகத்துக்குப் பூசும் பவுடர் போன்ற வெண்தூளோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவின் மேல் ஊதினார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் மிகுதியானவர்கள் பெண்கள். நம் தாய்மாரும் பாட்டிமாரும் அதில் இருந்தார்கள்.

கெமரூன் நாட்டிலும் பிறகு மலேசியாவிலும் வேலை பார்த்த லெஸ்லி டேவிட்சன் என்னும் தோட்ட நிர்வாகிக்கு ஓர் ஐயம் எழுந்தது. கெமரூனில் யாரும் பூவுக்குத் தூள் ஊதவில்லை. ஆனாலும் குலை நிறையக் காய் இருக்கிறது. ஆண்பூக் குலைகளில் சிறு வண்டுகள் மொய்க்கின்றன. இது ஏன்? இதை ஆராய்வதற்கு டாக்டர் ரஹ்மான் சையத் என்னும் பூச்சியியல் அறிஞர் அனுப்பப்பட்டார். எள்ளளவே இருக்கும் ஒரு கூன்வண்டுதான் அங்கே மகரந்தம் சுமக்கிறது என்று அவர் கண்டறிந்தார். ஆண்பூவில் முட்டையிட்டு, அங்கேயே தின்று வளரும் வண்டு அது. பெண்பூவும் அதே சோம்பு வாசனையை வீசுவதால் ஏமாந்து அங்கேயும் போய், உடம்பில் ஒட்டியிருக்கும் தூளை உதிர்த்துவிட்டு வரும்.

அந்நிய நாட்டுப் பூச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட முடியாது. வேறு பயிர்களைத் தின்னுமா, நோயைக் கொண்டு வருமா என்றெல்லாம் சோதித்த பின்னரே, 1981 பிப்ரவரியில் இந்தக் குளுவாங் வட்டாரத்துத் தோட்டத்தில் அதை முதலில் பறக்கவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் அது தீபகற்பம் முழுவதும் பரவிவிட்டது. 1981இல் சுமார் 28 இலட்சம் டன்னாக இருந்த நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி, 1982இல் சுமார் 35 இலட்சம் டன்னாக ஏறியது. அடுத்த ஆண்டு 30 இலட்சம் டன்னுக்கு இறங்கியது. அளவுக்கு மீறிக் காய்த்த மரங்களின் களைப்பும் அதற்கு ஒரு காரணம். பிறகு நிலை சீரடைந்தது. கைகளால் தூள் ஊதும் வேலை நின்றே போயிற்று.

பெரியம்மாவின் பூசணி

அந்த வேலையைச் செய்த ஒரு பெரியம்மாவைத் திருமண வீட்டில் சந்தித்தேன். தோட்டத்தை விட்டு வந்து பல ஆண்டுகளாகின்றன. இப்போது நகரத்தின் ஓரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். வண்டைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் முகம் மாறியது.

“காலையில பெரட்டு முடிஞ்சதும் கையில ஒரு புட்டியக் குடுப்பாங்க வாத்தியாரே. நீளமா ஒரு குழாய் இருக்கும். அமுக்குனா புஸ்ஸுன்னு தூள் போவும். மட்டை முள்ளு கையெல்லாம் கிழிச்சிடும். பூ விரிஞ்சா ரெண்டு மூணு நாளுதான், அதுக்குள்ள அடிக்கணும். பூவுக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா? ஒரு மரத்த விட்டாலும் மண்டோர் வந்து கேப்பாரு.”

“வண்டு வந்த பிறகு என்னம்மா ஆச்சு?” என்று கேட்டேன்.

“ஒரு நாளு, இனிமே தூள் அடிக்க வேணாம், வண்டு பாத்துக்கும்னு சொல்லிட்டாங்க. எங்கள்ல சில பேர வேற வேலைக்கு மாத்துனாங்க. சில பேருக்கு அதுவும் கெடைக்கல. எங்களுக்கு அந்த வண்டு மேல அப்படி ஒரு கோவம். ஆனா ஒன்னு சொல்றேன் வாத்தியாரே. நாங்க அத்தன பேரு நாள் முழுக்க நின்னு செஞ்சத, அது சும்மா செஞ்சிட்டுப் போச்சு.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் வீட்டுப் பக்கம் போனபோது, கொல்லையில் பூசணிக் கொடியின் அருகே குனிந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு பூசணிப் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டு, நடுத்தண்டை இன்னொரு பூவுக்குள் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் நிற்பதைப் பார்த்ததும் சிரித்தார்.

“அன்னைக்குக் கூலிக்கு செஞ்சேன். இன்னைக்குக் கூலி இல்லாம செய்றேன்” என்றார்.

காரணத்தையும் அவரே சொன்னார். இரண்டு வீடு தள்ளி, பயன்படாமல் கிடந்த ஒரு பழைய அலமாரிக்குள் தேனீக்கள் கூடு கட்டியிருந்தனவாம். யாரையும் கொட்டவில்லை. இருந்தாலும் பயந்துபோய், பூச்சி மருந்தை அடித்துப் பிறகு நெருப்பும் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கொடியில் பூ பூக்கிறது, பிஞ்சு விடுகிறது, மூன்றாம் நாள் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. தெருவில் முக்கால்வாசி வீடுகளின் முற்றம் சிமெண்டு போட்டாகிவிட்டது. பூ என்று இருப்பது இவர் கொல்லையில்தான். வருவதற்குத் தேனீ இல்லை. அதனால் எழுபதை நெருங்கும் வயதில், முதுகை வளைத்து, ஒவ்வொரு பூவுக்கும் இவரே மகரந்தம் தடவுகிறார்.

அன்பர்களே, நான் அங்கே நின்று யோசித்தேன். செம்பனைக்கு ஒரு வண்டு வேண்டுமென்றால், ஆப்பிரிக்காவரை ஆள் அனுப்பிக் கொண்டுவரக் கம்பெனிகள் இருக்கின்றன. பெரியம்மாவின் பூசணிக்கு யார் ஆள் அனுப்புவார்கள்? நம் கொல்லைக்குத் தானாக வந்துகொண்டிருப்பதை நாம்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

நம்மைச் சுற்றி இருக்கும் தேனீக்கள்

தேனீ என்றதும் ஒரே இனம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீட்டைச் சுற்றி நான்கு வகையாரை எளிதில் பார்க்கலாம்.

முதலாவது, பொந்துத் தேனீ. மரப்பொந்து, சுவர் இடுக்கு, பழைய பெட்டி ஆகியவற்றில் அடுக்கடுக்காகக் கூடு கட்டும். பெட்டியில் வைத்து வளர்க்க உகந்தது. பூசணி, வெள்ளரி, பாகல் ஆகியவற்றின் காலைப் பூக்களுக்கு இது முக்கியமான தோழன்.

இரண்டாவது, மலைத்தேனீ. உயர்ந்த மரத்தில், சில வேளைகளில் கட்டடத்தின் கூரையோரத்தில், ஒரே பெரிய அடையைத் திறந்த வெளியில் தொங்கவிடும். சீண்டினால் கூட்டமாக வந்து தாக்கும். இதற்கு மட்டும் தூரத்திலிருந்தே வணக்கம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, மலாய்க்காரர்கள் ‘கெலுலுட்’ என்று அழைக்கும் கொடுக்கில்லாத் தேனீ. கொசுவைவிடச் சற்றுப் பெரியது, கறுப்பு நிறம். மரத்தண்டிலோ சுவர் இடுக்கிலோ மெழுகும் பிசினும் கலந்து ஒரு சிறு குழல் நீட்டி வாசல் வைக்கும். கொட்டாது. இதன் தேன் புளிப்பாக இருக்கும். இத்தேனுக்கென்றே 2017இல் மலேசியத் தரம் ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. கூட்டிலிருந்து இது அதிக தூரம் போவதில்லை. அரைக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் பூ இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் பட்டினி.

நான்காவது, தனித்து வாழும் தேனீக்கள். பட்டுப்போன மரத்தைக் குடைந்து வசிக்கும் கரிய தச்சன் தேனீயும், மண்ணில் துளையிட்டு வாழும் நீலப்பட்டைத் தேனீயும் இந்த வகை. கத்தரிப் பூவின் மகரந்தம் உப்புக் குப்பியில் இருப்பதுபோல் சிறு துளைக்குள் அடைபட்டிருக்கும். இவை பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்து ‘ர்ர்ர்’ என்று ஒலியெழுப்பும்போதுதான் தூள் நன்றாகக் கொட்டும். பொந்துத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. காட்டுத்தோடை என்று நாம் சொல்லும் பேஷன் பழம் காய்ப்பதற்கும் தச்சன் தேனீதான் பெரிய உதவி.

செம்பனைக்கு நடுவே ஒரு சோற்றுப் பானை

கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாக இருக்கும்போது தேனீக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். செம்பனைப் பூவில் தேன் கிடையாது. ஆண்பூவின் தூளைத் தேனீக்கள் அள்ளும். ஆனால் தூள் மட்டும் உண்டு வாழ முடியாது. ரப்பர் மரம் இந்த வகையில் தாராளமானது. இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும்போது, மூன்று இலைகளும் சேரும் காம்பின் நுனியில் தேன் துளிர்க்கும். பூவில்லாமல் இலையிலிருந்தே தேன் தரும் மரம் அது. தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துத் தேன் பேர் பெற்றதற்குக் காரணம் அங்குள்ள ரப்பர்த் தோட்டங்களே. இங்கோ ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது.

அதனால் தோட்டத்துத் தேனீக்கு மிஞ்சியிருக்கும் சோற்றுப் பானைகள் இரண்டு. ஒன்று, தோட்டச் சாலையோரத்தில் நட்டிருக்கும் பூச்செடிகள். காலை எட்டு மணி வாக்கில் விரிவதால் மலாயில் ‘எட்டு மணிப் பூ’ என்று பெயர் பெற்ற செடியையும், ரோசா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் ‘மணப்பெண்ணின் கண்ணீர்’க் கொடியையும் பார்த்திருப்பீர்கள். செம்பனை இலையைத் தின்னும் கூட்டுப்புழுவை அழிக்கும் நல்ல பூச்சிகளுக்கு உணவாகத் தோட்ட நிர்வாகங்கள் அவற்றை நடுகின்றன. தேனீக்களும் அதில் விருந்து உண்கின்றன. மற்றொரு சோற்றுப் பானை, உங்கள் வீட்டுக் கொல்லை.

நாம் செய்யக்கூடியவை

பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். கீழ்க்கண்டவற்றை மட்டும் கவனித்தால் போதும்.

மருந்து அடிக்காமல் சமாளிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். அடித்தே ஆக வேண்டுமானால், பூ விரிந்திருக்கும் காலை வேளையில் வேண்டாம். பொழுது சாய்ந்து, தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பிறகு அடியுங்கள். பூவின் மேல் படாமல் அடியுங்கள். வேப்பெண்ணெய், சவர்க்கார நீர் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

வாசலில் இருக்கும் துளசியின் கதிரை எல்லாம் கிள்ளிவிடாமல் இரண்டு மூன்றைப் பூக்க விடுங்கள். கறிவேப்பிலை, முருங்கை, கொத்தமல்லி ஆகியவையும் பூத்து ஓயட்டும். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று பூத்திருக்கும்படி நட்டுக்கொள்வது நல்லது. புடலும் சுரையும் இரவில் பூப்பவை. அவற்றுக்கு அந்துப்பூச்சிகள் வரும். இரவுப் பூச்சி என்று அவற்றையும் அடித்துக் கொல்ல வேண்டாம்.

கொல்லை முழுவதையும் சிமெண்டால் மூடாமல் ஒரு மூலையில் வெறும் மண்ணை விட்டு வையுங்கள். ஒரு பழைய மரத்துண்டோ மூங்கிலோ கிடக்கட்டும். தட்டையான தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தால் தேனீக்கள் குடிக்கும். ஆனால் டிங்கிக் கொசு முட்டையிடாதபடி அந்தத் தண்ணீரை நாள்தோறும் மாற்றிவிட வேண்டும். வீட்டைச் சுற்றி எங்கும் நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் புகையடிக்க வேண்டிய அவசியமும் குறையும். அந்தப் புகை கொசுவை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை.

கூடு கண்டால் நெருப்பு வைக்காதீர்கள், கல்லெறியாதீர்கள். கொடுக்கில்லாத் தேனீயாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மரக்கிளையில் திடீரென்று கொத்தாக வந்து தொங்கும் தேனீக் கூட்டம் பெரும்பாலும் வழிப்போக்கர்தான். சில நாளில் தானே கிளம்பிவிடும். அதுவரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பள்ளி, கோயில், வீடு ஆகியவற்றின் அருகே மலைத்தேனீயோ குளவியோ ஆபத்தான இடத்தில் கூடு கட்டியிருந்தால், தீயணைப்புப் படைக்கோ பொதுத் தற்காப்புப் படைக்கோ சொல்லுங்கள். பொந்துத் தேனீயாக இருந்தால் பக்கத்தில் தேனீ வளர்ப்பவர் யாரேனும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கூட்டைக் கொல்லாமல் பெட்டிக்கு மாற்றிக் கொண்டுபோவார்.

தேனீ கொட்டிவிட்டால் கொடுக்கை உடனே சுரண்டி எடுத்துவிடுங்கள். பல தேனீக்கள் கொட்டினாலும், மூச்சுத் திணறினாலும், முகம் வீங்கினாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தேனீயைக் காப்பது நல்லது. மனித உயிரைக் காப்பது அதனினும் முந்தியது.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை

பெற்றோர்களே, இதைப் படித்து முடித்ததும் பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். விடுமுறை நாளில் காலை ஏழு மணிக்கு, கொல்லையில் விரிந்திருக்கும் ஒரு பூசணிப் பூவின் அருகே, கை நீட்டாமல், பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கட்டும். எத்தனை தேனீ வந்தது, என்ன நிறம், பூவுக்குள் எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். ஆண்பூ எது, பெண்பூ எது என்றும் காட்டுங்கள். பெண்பூவின் அடியில் குட்டிப் பூசணி ஒன்று முன்கூட்டியே இருக்கும். ஒரு வாரம் கழித்து அந்தப் பிஞ்சு பருத்திருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று அவர்களே போய்ப் பார்க்கட்டும்.

தேனீக்கள் வந்திருந்தால் உங்கள் தெருவில் நிலைமை இன்னும் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒன்றும் வரவில்லையென்றால், அந்த வாரத்திலேயே ஒரு துளசிக் கன்றை நட்டு வையுங்கள். பக்கத்து வீட்டாரையும் ஒன்று நடச் சொல்லுங்கள்.